நிமிடத்துக்கு முப்பத்தாறு சொட்டு

ஓட்டல் அறைக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாஷர் அண்ணன் குளியலறைக் குழாயைத் திறந்தார், மூடினார், அதன் கழுத்தில் காதை வைத்துக் கேட்டார். பிறகு கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். மிதவை ஒழுங்காக இருந்தது. குனிந்து வாஷ்பேசினுக்கு அடியில் தடவினார். விரலில் ஈரம் படவில்லை. காய்ந்த விரலைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். அதற்குள் ஓட்டலின் மேனேஜர், பரபரப்பான ஓர் இளம்பெண், வாசலில் நின்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுப் போயிருந்தாள். அவர் மனைவி பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா உங்க ரவுண்ட்ஸ்?"

"நான் எதையும் தொடலையேம்மா. சும்மா பாத்தேன்."

"பாத்தது போதும். கையக் கழுவிட்டு வந்து மனுஷனா உக்காருங்க."

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. விண்ணப்பப் படிவங்களில் எழுதும்போதுதான் அவருக்கே அது நினைவுக்கு வரும். நாற்பது வருடமாகக் குழாய் ரிப்பேர் செய்கிறவர், தெருவில் எல்லோருக்கும் வாஷர் அண்ணன். எந்தக் கோளாறு என்றாலும் முழுதாகக் கேட்பதற்கு முன்பே "வாஷர் போயிருக்கும்" என்று சொல்லிவிடுவார். குழாயோடு விட்டாரா? பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனதற்கும், மாடிவீட்டுக்காரரின் முழங்கால் வலிக்கும் அதே தீர்ப்புதான். "நடுவுல வாஷர் தேஞ்சிருக்கும், வேறென்ன?" ஐம்பத்தெட்டு வயது. ஒல்லி உடம்பு. எந்தத் தொட்டிக்கு அடியிலும் நுழைந்துவிடுவார். தன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் இரக்கமே காட்ட மாட்டார். "என் மண்டையைக் கழட்டிப் பாத்தா உள்ள ரெண்டு எல்போ பைப்பும் ஒரு யூனியன் ஜாயின்ட்டும்தான் கிடக்கும். அதுலயும் ஒண்ணு ஓட்டை" என்பார்.

மனைவியைத் தெரு முழுக்க 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருடமாக நர்ஸ். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு. அதற்கப்புறம் போக வேண்டிய இடங்களை ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறார். டைரியில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. யாரோடு போவது என்கிற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் இருவரும் கடற்கரை லாட்ஜ் ஒன்றில் மூன்று நாள் தங்கினார்கள். அங்கே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. வாஷர் அண்ணன் இரண்டு நாள் மொட்டைமாடியில் இருந்தார். சிஸ்டர் கடலைத் தனியாகப் பார்த்தார். மைத்துனி கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், இவர் இல்லை. அந்த நேரத்தில் மண்டபத்துச் சமையலறைக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகள் பிறந்த செய்தியை நர்ஸ் ஓடிவந்து சொன்னபோது ஆஸ்பத்திரி வராந்தாவின் கைகழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து, "ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்றார். இதையெல்லாம் போகிற வீட்டிலெல்லாம் அவரேதான் சொல்லிச் சிரிப்பார். சிஸ்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இந்த ஓட்டலில் இரண்டு இரவுகளை ஏற்பாடு செய்தவள் மகள். டிக்கெட் வந்த அன்றே சிஸ்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாருங்க. ரெண்டு நாள். இந்த ரெண்டு நாள்ல நீங்க ஸ்பேனரக் கையில எடுத்தீங்கன்னா, இனிமே எங்க போறதா இருந்தாலும் நான் எங்க அக்காகூடதான் போவேன். அப்புறம் வந்து என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

சிஸ்டர் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும். கிளம்புகிற காலையில் பையைக் கொட்டிச் சோதனை போட்டார் சிஸ்டர். பைப் ரெஞ்சு போயிற்று. ஹாக்சா பிளேடு போயிற்று. சட்டைப்பையிலிருந்த, கசிவை அடைக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்கூடப் போயிற்று. ஷேவிங் டப்பாவில் சோப்புக்கு அடியில் துணி சுற்றிக் கிடந்த ஆறு அங்குல ஸ்பேனர் மட்டும் தப்பித்தது. 'தொடவா போறேன்? கூட இருந்தா ஒரு தெம்பு, அவ்ளோதான்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஓட்டலுக்கு வருவோம். நாலாபக்கமும் காடு, நடுவில் ஒரு பழைய பிளைவுட் ஆலை. ஆலை மூடிப் பல வருடம் கழித்து யாரோ அதை வாங்கி, பதினோரு அறை உள்ள சொகுசு ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். மரப்பலகை உலர்த்திய கல் அறைகள்தான் படுக்கையறைகள். கதவுகள் பழைய இரும்புக் கதவுகள், திறக்க இரண்டு கை வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் ஆலையின் பாய்லர் உட்கார்ந்திருக்கிறது, அதன் வயிற்றைச் சுற்றி மேசை போட்டிருக்கிறார்கள். சுவரில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. அதற்கு நேராக விளக்கு வேறு.

இதெல்லாம்கூட வாஷர் அண்ணனுக்குப் பெரிதாகப் படவில்லை. கூரையோரம் ஓடிய பழைய குழாய்களைத் தொட்டுப் பார்த்தபோதுதான் தலை சுற்றிவிட்டது. துருவை அப்படியே விட்டு, அதன் மேல் பளபளவென்று வார்னிஷ் அடித்திருந்தார்கள்.

"அடப்பாவிகளா, துருவுக்குப் பாலிஷ்! நாப்பது வருஷமா இத உப்புத்தாள் போட்டுத் தேச்சே என் ரேகை அழிஞ்சுபோச்சு. இங்க இதுக்கு மரியாதையப் பாரு!"

"கொஞ்சம் மெல்லப் பேசுங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நம்ம ஜன்னலுக்குப் பின்னாடியே மான் வருமாம். தாயும் குட்டியும். அந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்றார் சிஸ்டர். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை வாஷர் அண்ணன் சமீபத்தில் பார்த்ததில்லை. "ஆஸ்பத்திரில நான் பாக்குறதெல்லாம் படுத்திருக்கிற உயிருங்க. நோயில்லாத ஒண்ணு, நாலு கால்ல நின்னு, தன்பாட்டுக்குத் தண்ணி குடிக்கிறத ஒரு தடவ கண்ணாலப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"பாரு, நல்லாப் பாரு" என்றார் அவர், மனசாரத்தான் சொன்னார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு சிஸ்டர் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனார். வாஷர் அண்ணனும் படுத்தார். படுத்த பிறகுதான் கேட்டது.

டொக்.

எழுந்து உட்கார்ந்தார். டொக். குளியலறையில் இல்லை. டொக். ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தார். பின்முற்றத்தில் ஆலைக் காலத்து இரும்புக் குழாய் ஒன்று சுவரைவிட்டு நீட்டிக்கொண்டிருந்தது. முனையில் சக்கரக் கைப்பிடி வைத்த பழைய வால்வு. அதன் கழுத்திலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் கீழே சிமெண்டில் விழுந்து, விழுந்த இடம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. 'ஆலையின் பழைய நீர்க்குழாய். அப்படியே விடப்பட்டிருக்கிறது.'

"அப்படியே விட்டிருக்காங்களாம். இத எழுதிவேற வெச்சிருக்காங்க பாரு, வெக்கமில்லாம" என்று முணுமுணுத்தார்.

தலையணையைக் காதில் அழுத்திப் பார்த்தார். ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணினார். எண்ணிக்கை சொட்டோடு சேர்ந்துகொண்டது. சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார், டைரியை நினைத்தார், அக்காவை நினைத்தார். சிஸ்டரின் அக்கா ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து இவரைப் பார்த்துக் கையசைப்பதுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாம் நினைத்த பிறகும் கை ஷேவிங் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தது. அந்தக் கை தன் பேச்சைக் கேட்பதில்லை என்று பிற்பாடு அவர் சொன்னார். அதை நம்ப அங்கே ஆளில்லை.

கயிறு கட்டி மறித்திருந்ததைத் தாண்டித்தான் முற்றத்துக்குப் போனார். அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று மேனேஜர் சொன்னபோது இவர் கழிப்பறைத் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தார். வால்வைப் பார்த்ததும் நோய் புரிந்துவிட்டது. கைப்பிடித் தண்டைச் சுற்றி இருக்க வேண்டிய நூல் அடைப்பு மக்கிப்போயிருந்தது. டேப் இல்லை. ஓட்டல் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு முழம் நூல் உருவினார். சிஸ்டரின் முகத்துக்குப் போடும் கிரீமில் கொஞ்சம் தோண்டி நூலில் தடவினார். தண்டைச் சுற்றி ஏழு சுற்று. மேலே நட்டை இறக்கி, ஸ்பேனரால் முக்கால் திருப்பு.

சொட்டு நின்றது.

ஒரு நிமிடம் காத்துப் பார்த்தார். இரண்டு நிமிடம். வால்வின் கழுத்து சுத்தமாகக் காய்ந்திருந்தது. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று என்று அவருக்கே தோன்றியது. திரும்பி வந்து, கிரீம் டப்பாவின் மேற்பரப்பை விரலால் சமப்படுத்தி வைத்துவிட்டு, குழந்தைபோலத் தூங்கினார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே சிஸ்டர் தலைவாரி, ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜரும் சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றுகொண்டாள். ஆறு ஆயிற்று. ஆறேகால் ஆயிற்று. ஒரு காகம் வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஆறரைக்கு மேனேஜர் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்றாள்.

"என்னம்மா?"

"சொட்டு நின்னுபோச்சு மேடம். குழி காஞ்சு கிடக்கு." அவள் வெளியே கைகாட்டினாள். "கோடைல ஓடையே வத்திடும். அந்தச் சொட்டுச் சத்தத்தக் கேட்டுத்தான் மூணு வருஷமா அதுங்க வருதுங்க. இந்தக் குழாய்க்குத் தண்ணி வர்ற ஊத்து மலைமேல வத்திப்போச்சு போல. நான் வாட்ச்மேன மேல அனுப்பிப் பாக்கச் சொல்றேன்." சொல்லிக்கொண்டே ஓடினாள்.

 சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மேசைமேல் இருந்த கிரீம் டப்பாவைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

"எங்க அது?"

"எது?"

"என்னப் பாத்துச் சொல்லுங்க. எங்க அது?"

வாஷர் அண்ணன் ஷேவிங் டப்பாவைத் திறந்து, சோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஸ்பேனரை மேசைமேல் வைத்தார். சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"முப்பது வருஷமா உங்கள எல்லார் வீட்டுத் தொட்டிக்கடியிலயும் பாத்துட்டேன். சரி, தொழில், போகட்டும்னு விட்டேன். இது எனக்குன்னு கேட்ட ஒரே ஒரு காலைங்க. அதையும் அடைச்சிட்டீங்களே" என்றார் சிஸ்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்குப் போனதும் அக்காவுக்கு ஃபோன் பண்றேன்" என்றும் சொன்னார்.

  வாஷர் அண்ணன் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். பாய்லரைச் சுற்றி எட்டுப் பத்து விருந்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் யாரிடமோ ஃபோனில் ஊற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்.

"ஃபோன வைங்க மேடம். ஊத்து வத்தல. வத்தினது என் புத்திதான். நேத்து மத்தியானம் நான்தான் போய் அடைச்சேன். உங்க துண்டுல நூலு உருவி, எம் பொண்டாட்டி கிரீமப் போட்டு, கூலி கேக்காம, கூப்பிடாமப் போய் அடைச்சேன். இந்த மாதிரி ஒரு முட்டாள நீங்க தேடினாலும் கிடைக்காது."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "அதைத் திருப்பி ஒழுக விட்டுடுங்க சார்" என்றாள்.

"அதுக்கென்ன, அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிடம் என்றவர் பதினோரு மணிவரை முற்றத்தில் இருந்தார். நட்டைத் தளர்த்தினார், ஒரு துளி வரவில்லை. அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தார் மகானுபாவர். நூலை முழுதாக உருவினார், தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது. மூன்று சுற்றுப் போட்டார், சொட்டாமல் தாரையாக ஒழுகியது. நான்கு போட்டார், நின்றது. ஒழுகுவதை நிறுத்த நாற்பது வருடம் பழகியிருந்தார். ஒழுக வைக்க ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. எதிர்த்தெருவில் ஒரு குழாய்க்காரன் இருக்கிறான், அவன் எதைத் தொட்டாலும் மறுநாள் சொட்டும். ஊரெல்லாம் அவனைக் கேலி செய்த வாய் இது. இன்றைக்கு அவன் மட்டும் பக்கத்தில் இருந்தால் காலில் விழுந்து கேட்டிருப்பார்.

"வாளில ஊத்தி வெச்சிடலாமா மேடம்?" என்றார் கடைசியில், சட்டையைப் பிழிந்துகொண்டே.

"ஒரு தடவ ஊத்திப் பாத்தோம் சார். வரல. சத்தம் வேணும். அதே சத்தம்."

"நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?"

"அத யாரு சார் எண்ணினா?"

"வீடியோ ஏதாவது இருக்கா?"

கேட்டது சிஸ்டர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மேனேஜரின் ஃபோனில் விளம்பரத்துக்கு எடுத்த படம் ஒன்று இருந்தது. மான் குனிகிறது, சொட்டு விழுகிறது. சிஸ்டர் மானைப் பார்க்கவில்லை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"பதினஞ்சு செகண்டுக்கு ஒன்பது. நிமிஷத்துக்கு முப்பத்தாறு." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைத் தாண்டி வந்து, வால்வுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "நூல ரெண்டா பிரிங்க. பாதி நூல்ல நாலு சுத்துப் போடுங்க. நான் சொல்றப்ப மட்டும் திருப்பணும். நீங்களா ஒண்ணும் பண்ணக் கூடாது."

வாஷர் அண்ணன் நூலைப் பிரித்தார். நாலு சுற்றுப் போட்டார்.

"பதினாலு. கையக் கட்டுப்படுத்துங்க, லேசா... பதினொண்ணு. இன்னும் ஒரு நூலளவு. அய்யய்யோ, போதும் போதும்! ஆறு. கொஞ்சம் விடுங்க. சலைன் ஏத்தும்போது இப்படி முரட்டுத்தனமாத் திருகினா பேஷண்ட் போயே போயிடுவான்."

அவர் திருகுவதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். முப்பது வருடமாக இரவுச் சாப்பாட்டில், 'இன்னிக்கு என்ன விசேஷம்?' என்று கேட்பார். 'ஒண்ணும் இல்ல, ரெண்டு பேருக்கு ட்ரிப்ஸ் போட்டேன்' என்பார் சிஸ்டர். அப்படியா என்று சாதத்தைப் பிசைவார். அதில் எண்ணுவதற்கு ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு இருக்கிறது, அதை இவள் கண்ணைச் சிமிட்டாமல் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. அவர் அதற்குமேல் கேட்டதும் இல்லை.

"நான் வீடு வீடாப் போய் சொட்ட நிறுத்திட்டிருந்தேன். நீ கட்டில் கட்டிலாப் போய் சொட்ட விட்டுட்டிருந்தே. ஒரே வீட்ல குடியிருந்துட்டு இது தெரியாமப் போச்சே எனக்கு" என்றார்.

"தெரிஞ்சுக்கணும்னா கேக்கணும். நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். இது வேற, அது வேற. திருப்புங்க."

மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது பதினைந்து செகண்டுக்கு ஒன்பது சொட்டு வந்தது. சிஸ்டர் நம்பவில்லை. மறுபடி எண்ணினார். மூன்று தடவை எண்ணி, மூன்றிலும் ஒன்பது வந்த பிறகுதான் எழுந்தார். முழங்காலில் பாசி ஒட்டியிருந்தது. ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். குழியில் தண்ணீர் விரற்கடை அளவு சேர்ந்திருந்தது. சாயங்காலம் பார்த்தபோது பாதி நிரம்பியிருந்தது. அன்று முழுவதும் வாஷர் அண்ணன் குளியலறைக்குள் போனபோதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

கிளம்ப வேண்டிய நாள் விடிந்தது. ஐந்தரைக்கு ஜன்னலருகே இரண்டு நாற்காலிகள். மேனேஜர் பைனாகுலர் ஒன்றைக் கொண்டுவந்து சிஸ்டரின் மடியில் வைத்துவிட்டு, "வரலன்னா மன்னிச்சுக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒருநாள் தண்ணீர் இல்லாமல் ஏமாந்துபோன மிருகம் மறுநாளும் அதே இடத்துக்கு வருமா?  வராவிட்டால் என்ன சொல்வது என்று வாஷர் அண்ணன் யோசித்துப் பார்த்தார். அதற்கு ஒரு ஜோக்கும் அகப்படவில்லை. டொக், டொக் என்று வெளியே விழுந்துகொண்டிருந்தது. முந்தாநாள் தூங்க விடாத அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

ஆறு மணி தாண்டியது. புதரோரம் ஏதோ அசைந்தது. முதலில் காது வந்தது. அப்புறம் கழுத்து. தாய்மான் ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று, சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பித் திருப்பி முற்றத்துக்குள் வந்தது. அதன் பின்காலை ஒட்டி, நடக்க இப்போதுதான் பழகியதுபோல ஒரு குட்டி. தாய் குழியில் வாயை வைத்தது. குட்டி அங்கே போகாமல் வால்வுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. ஒரு சொட்டு மூக்கில் விழுந்ததும் துள்ளி ஒதுங்கி, மறுபடி வந்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

சிஸ்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடியதைத் துடைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் ஆசைதீரப் பார்த்துவிட்டு, பைனாகுலரைக் கணவரிடம் நீட்டினார்.

வாஷர் அண்ணன் அதைக் கண்ணில் வைத்துக் கவனமாகத் திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் உதடு மெல்ல அசைந்தது. ஒன்பது... பத்து...

சிஸ்டர் மானிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, பைனாகுலரின் முனையை ஒரு விரலால் வால்விலிருந்து கொஞ்சம் கீழே இறக்கினார்.